பழைய லென்ஸும் ஒரு மில்லிமீட்டரும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பழைய டிரங்க் ரோட்டில் வாரம் ஒரு நாள் கூடும் சந்தை அது. செடி, புறா, துருப்பிடித்த ஸ்பானர், யாரோ கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் மானிட்டர், ஒரு கால் இல்லாத நாற்காலி, கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம்... எல்லாம் தார்ப்பாய் மேல் கிடக்கும். (கொசுறுச் செய்தி: 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். குனிந்து பார்த்தால் ஏதாவது கிடைக்கும் என்ற ராசி இந்த ஊருக்கு அப்போதே இருந்திருக்கிறது!)

இந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காமிராவைப் பார்த்துவிட்டு, இதற்கு லென்ஸ் எங்கே என்று கேட்பார்கள். முடிச்சூரில் இருந்து வந்த ஒரு கல்லூரி மாணவன் கையில் லென்ஸை வைத்துக்கொண்டு காமிராவைத் தேடினான். இந்தக் கட்டுரை அவனுடைய தேடலைப் பற்றியது. கூடவே ஒரு மில்லிமீட்டரைப் பற்றியதும்.

பரணில் இருந்து வந்தது

அவன் தாத்தாவிடம் ஒரு ஜெனித்-இ காமிரா இருந்தது. சோவியத் சரக்கு. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1965-ல் தயாரிக்க ஆரம்பித்து, 30 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய மாடல். ரஷ்யப் புத்தகங்கள் மலிவு விலையில் நம் ஊர்க் கண்காட்சிகளில் குவிந்த காலத்தைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காமிராவும் அந்தக் காலத்து நட்பின் பிள்ளைதான். தாத்தா அதில் போட்டது பெரும்பாலும் இந்து ஃபிலிம். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை தென்சென்னைப் புறநகரில் யாரும் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஊறிப்போயின. போட்டோ காகிதத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது முகம் ஒரு பக்கம், பின்னணி ஒரு பக்கம் என்று கிழிந்து வரும். (ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்திருந்தால் பல படங்கள் பிழைத்திருக்கும். யாருக்குத் தெரியும், அந்த நேரத்தில்?)

காமிரா பரணில் இருந்ததால் தண்ணீரில் மூழ்கவில்லை. ஆனால் தோல் உறைக்குள், ஈரச் சுவருக்குப் பக்கத்தில், பல வாரம் அப்படியே இருந்தது. பிறகு பல வருஷம் யாரும் திறக்கவில்லை. பேரன் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது ஷட்டர் திரை விறைத்துப் போயிருந்தது. லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

பாட்டி சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஆல்பத்துல இருந்த எல்லாப் படத்தையும் பார்த்த கண்ணு அது ஒண்ணுதான்டா மிச்சம்."

மெக்கானிக் பெரியவர்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி ஒரு சின்னக் கடை. காமிரா ரிப்பேர் செய்கிற பெரியவர். இப்போது வாசலில் செல்போன் கவர்கள்தான் அதிகம் தொங்குகின்றன. உள்ளே ஒரு மேஜை, ஒரு விளக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போல நிறைய குட்டிக் கருவிகள்.

ஜெனித்தைக் கையில் வாங்கி இரண்டு முறை கிளிக் செய்து பார்த்தார். "பாடி போயிடுச்சு தம்பி. இந்தத் துணிக்கு நான் எங்க போறது? லென்ஸ வேணா காப்பாத்திடலாம்."

லென்ஸின் பெயர் ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர், எஃப்/2. ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் பயோட்டார் என்ற லென்ஸை மாதிரியாகக் கொண்டு ரஷ்யர்கள் செய்தது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். ரிப்பேர்க்காரர்களுக்குப் பிடித்த லென்ஸ். ஏனென்றால் முன்பக்கத் தொகுதியும் பின்பக்கத் தொகுதியும் திருகிக் கழற்ற வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் துடைத்தார். பூஞ்சை போய்விட்டது. அது இருந்த இடத்தில் மெல்லிய தடம் மட்டும் நின்றுவிட்டது. பூஞ்சை ஒரு அமிலத்தைக் கக்கும். அது லென்ஸின் பூச்சை அரித்துவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் திரும்ப வராது.

இனிமேல்தான் விஷயமே. லென்ஸ் தயார். மாட்டுவதற்குக் காமிரா?

பையன் சந்தையில் ஏற்கெனவே ஒரு நிக்கான் பாடியைப் பார்த்து வைத்திருந்தான். பெரிய பெயர். பாடியும் நல்ல நிலையில் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிவிடலாம் என்று டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தையும் தயாராக வைத்திருந்தான். போகிற போக்கில் பெரியவரிடம் கேட்டான்: "நிக்கான் பாடி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன் ஐயா. இந்த லென்ஸ அதுல மாட்டிக்கலாம்ல?"

"மாட்டலாம். ஆனா உன் பாட்டியத்தான் எடுக்க முடியும். பஸ்ஸ எடுக்க முடியாது."

அவனுக்குப் புரியவில்லை. பெரியவர் அலமாரியில் இருந்து ஒரு நிக்கான் பாடியை எடுத்து, அதன் வாயில் ஹீலியோஸை வெறுமனே கையால் பிடித்து, "பாரு" என்று கொடுத்தார். கடைக்குள் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டர் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே திரும்பி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் நின்ற பஸ் வெறும் நிறக் குழம்பு. ஃபோகஸ் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் தெளியவில்லை.

அந்த ஒரு மில்லிமீட்டர்

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தைச் சுவரில் விழவைத்து விளையாடியிருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பிடித்தால்தான் வெளியே இருக்கும் மரம் சுவரில் தெளிவாக, தலைகீழாக விழும். கொஞ்சம் முன்னே நகர்த்தினால் மரம் கலங்கிவிடும். அதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் கம்பி தெளியும். அதாவது, லென்ஸ் சுவரை விட்டு விலக விலக, அது பார்க்கும் இடம் நம் பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

காமிராவில் சுவர் என்பது ஃபிலிம். லென்ஸ் மாட்டும் வளையத்தின் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் வைத்தது. ஹீலியோஸ் மாதிரியான திருகு லென்ஸ்களுக்கு எம்42 என்று பெயர். 42 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை. 1949-ல் டிரெஸ்டனில் ஜெய்ஸ் இக்கான் வெளியிட்ட கான்டாக்ஸ் எஸ் காமிராவில் வந்தது. பிறகு பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித் என்று ஊர் ஊராகப் பரவியது. இதன் தூரம் 45.46 மில்லிமீட்டர்.

மற்றவற்றையும் பாருங்கள்:

நிக்கான் எஃப்: 46.5
ஒலிம்பஸ் ஓஎம்: 46
பென்டாக்ஸ் கே: 45.46
கேனான் இஓஎஸ்: 44
மினோல்டா எஸ்ஆர்: 43.5
பழைய கேனான் எஃப்டி: 42

விதி ரொம்ப எளிது. காமிராவின் எண் லென்ஸின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், மிச்ச இடத்தை ஒரு வளையம் போட்டு நிரப்பிவிடலாம். இஓஎஸ்-க்கு 1.46 மில்லிமீட்டர் வளையம், மினோல்டாவுக்கு 1.96. ஆனால் காமிராவின் எண் அதிகமாக இருந்தால்? இல்லாத இடத்தை எப்படி வெட்டி எடுப்பது? நிக்கானில் ஹீலியோஸ் 1.04 மில்லிமீட்டர் தள்ளி உட்காருகிறது. அவ்வளவுதான், ஒரு மில்லிமீட்டரும் ஒரு தூசியும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு கொள்ளையடிக்கிறது என்று கணக்குப் போடலாம். பிளஸ் டூ இயற்பியல் போதும். 58-ஐ 58-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்தால் 3,235 மில்லிமீட்டர். அதோடு 58-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 3.3 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள எதுவும் அந்த லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியாது! திண்ணையில் உட்கார்ந்த பாட்டி தெரிவார், தெருமுனை தெரியாது. பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. இதுவே 135 மில்லிமீட்டர் லென்ஸாக இருந்தால் 17 மீட்டருக்கு மேல் பார்க்கும். 28 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் முக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டியதும் குருடாகிவிடும். அகன்ற லென்ஸுக்குத்தான் அடி பலம்.

"நடுவுல ஒரு சின்னக் கண்ணாடி வெச்ச அடாப்டர் விக்கிறாங்களே ஐயா?" என்று பையன் விடவில்லை. உண்மைதான். அந்தக் கண்ணாடி தூரத்தைச் சரிசெய்துவிடும். ஆனால் மலிவு விலைக் கண்ணாடி ஒன்றை நல்ல லென்ஸின் முதுகில் ஒட்டினால், படம் அந்த மலிவுக் கண்ணாடியின் தரத்துக்கு இறங்கிவிடும். தாத்தாவின் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்?

பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஆலப்புழையில் 1940-களில் கே. கருணாகரன் செய்ய ஆரம்பித்த வாகீஸ்வரி மரக் காமிரா மாதிரியானவற்றில் லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருப்பது ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்பு. இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். எந்த லென்ஸாக இருந்தாலும் பலகையில் ஒரு ஓட்டை போட்டால் முடிந்தது. சின்னக் காமிரா வந்த பிறகுதான், உலோக வாயும் அதன் ஒரே அளவும் வந்தன. ஒரு கம்பெனியின் லென்ஸ் வாங்கினால் அந்தக் கம்பெனிக்கே வாழ்க்கைப்பட வேண்டும் என்ற நிலைமையும் கூடவே வந்தது.

பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார்

இந்த இடத்தில் பென்டாக்ஸ்காரர்களுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். 1975-ல் அவர்கள் திருகு முறையை விட்டுவிட்டு, மாட்டித் திருப்பும் கே மௌண்ட்டுக்கு மாறினார்கள். அப்படி மாறும்போது அந்த 45.46-ஐ மட்டும் தொடவில்லை. வாயையும் அகலமாக வைத்தார்கள். அதனால் ஒரு மெல்லிய வளையம் உள்ளேயே அடங்கி உட்கார்ந்துகொள்ளும்; பழைய திருகு லென்ஸ் தன் பழைய தூரத்திலேயே நிற்கும். வாடிக்கையாளர் வாங்கி வைத்த லென்ஸ் வீணாகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். 1987-ல் கேனான் எஃப்டியை விட்டு இஓஎஸ்-க்கு மாறியபோது 42 என்பது 44 ஆனது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் அந்தரத்தில் தொங்கினார்கள். அதே இஓஎஸ் எம்42 லென்ஸ்களுக்கு நல்ல வீடாக அமைந்தது வேறு கதை.

பையனுக்கு இரண்டு வழி இருந்தது. பழைய இஓஎஸ் ஃபிலிம் பாடி மலிவு. ஆனால் ஆட்டோஃபோகஸை நம்பிச் செய்தது என்பதால் கையால் ஃபோகஸ் செய்ய உதவும் அடையாளம் எதுவும் அதன் கண்ணாடியில் இருக்காது. தவிர, சில லென்ஸ்களின் பின்பகுதி நீட்டிக்கொண்டு, உள்ளே மேலெழும் கண்ணாடியில் இடிக்கும். பென்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை வந்தது) நல்ல இரும்புக் குதிரை. ஆனால் விலை கொஞ்சம் அதிகம்.

கடைசியில் லைட் மீட்டர் செத்துப்போன ஒரு கே1000 கிடைத்தது. மீட்டர் இல்லை என்பதால் விலை இறங்கியது. ஷட்டர் சரியாக ஓடியது. நிக்கானுக்கு வைத்திருந்த பணத்தில் பாடி, வளையம், இரண்டு ரோல் எல்லாம் அடங்கிவிட்டன. கலர் ரோலும், கழுவி ஸ்கேன் செய்யும் கூலியும் சேர்ந்தால் இப்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

வளையம் வாங்கும்போது மறுபடியும் அதே ஒரு மில்லிமீட்டர் வந்து நிற்கும், ஜாக்கிரதை! சில மலிவு வளையங்களில் வெளியே ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பின் தடிமன் லென்ஸை முன்னே தள்ளிவிடும். நிக்கானில் வந்த அதே நோய் பென்டாக்ஸிலும் வரும். விளிம்பில்லாத வளையம் என்று கேட்டு வாங்க வேண்டும். லேத் பட்டறையில் கடையச் சொல்கிறவர்கள் (இஓஎஸ், மினோல்டா போன்றவற்றுக்கு இது நடக்கும்), வளையம் ஒரு நூல் மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, தடித்துவிடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மெல்லியதாக இருந்தால் ஃபோகஸ் வளையம் தொலைதூரத்தைக் கொஞ்சம் தாண்டி ஓடும், அவ்வளவுதான். வியூஃபைண்டரில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தடித்துவிட்டால் தொலைவு கிடைக்கவே கிடைக்காது.

சோதிக்க ஃபிலிமை வீணாக்க வேண்டாம். காமிராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் படியும் இடத்தில் ஒரு துண்டு டிரேஸிங் பேப்பரைத் தட்டையாக ஒட்டி, ஷட்டரைப் பி-யில் வைத்து அழுத்திப் பிடித்தால் அதில் படம் விழும். பையன் மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்தான். காகிதத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, விளிம்பு கூர்மையாக விழுந்தது. நிலா தெரிந்தால் பஸ்ஸும் தெரியும். (பகலில் என்றால் பரங்கிமலை மாதிரி தொலைவில் இருக்கும் எதையாவது பாருங்கள். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கம் மட்டும் காமிராவைத் தூக்காதீர்கள்.)

முப்பத்தாறு படம்

ஹீலியோஸ் 44-2-ல் அப்பர்ச்சர் தானாக மூடாது. இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/16 என்று நிறுத்தி வைக்க வேண்டும். இன்னொன்றால் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, மூடிவிட்டுத்தான் கிளிக் செய்ய வேண்டும். மீட்டர் இல்லாததால் வெயில் கணக்கு: நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு 1/250 நொடி. சென்னை வெயில் இந்த விஷயத்தில் ஏமாற்றவே ஏமாற்றாது! ஆனால் மூட மறந்தால் எஃப்/2-ல் 64 மடங்கு வெளிச்சம் உள்ளே போய்விடும். முதல் ரோலில் நான்கு படம் அப்படிப் போனது.

மிச்சம் 32-ல் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம், கல்லூரி மரத்தடியில் நண்பர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த பஸ், முருங்கை மரத்தடியில் பாட்டி. பாட்டியின் முகம் நடுவில் தெளிவாக இருக்க, பின்னால் இருந்த இலைகளெல்லாம் வட்டமாகச் சுழன்றன. இந்த லென்ஸின் பிறவிக் குணம் அது. எதிர்வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களில் லேசான புகைமூட்டம். பூஞ்சை விட்டுப் போன தடம்.

படத்தைப் பார்த்த பாட்டி, "உங்க தாத்தா எடுத்தாலும் பின்னாடி இப்படித்தான் சுத்தும்" என்றார். ஆல்பம் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அந்தப் படங்கள் எப்படி இருந்தன என்று பேரனுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பரணில் இருப்பவற்றைப் பற்றி

பத்திரமாக வைத்தால் பொருள் நிலைக்கும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். நகைக்கு அது சரி. லென்ஸுக்குத் தப்பு. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் அது வருஷத்தில் பாதி நாள். இருட்டும், அசையாத காற்றும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோல் உறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளிச்சத்துக்கு வந்து போகிற லென்ஸில் பூஞ்சை அவ்வளவு எளிதில் குடியேறாது. அதனால் இந்த ஊரில் பழைய லென்ஸைக் காப்பாற்ற நல்ல வழி, அதை ஏதாவது ஒரு காமிராவில் மாட்டி அடிக்கடி வெளியே கொண்டு போவதுதான். பாடி எந்தக் கம்பெனி என்பது அப்புறம்.

உங்கள் வீட்டுப் பரணிலும், பெரியப்பா வீட்டுப் பெட்டியிலும் ஒரு லென்ஸ் இருக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் எடுத்துப் பாருங்கள். உள்ளே டார்ச் அடித்து நூல் மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தோல் உறையைத் தனியாக வையுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். எந்தக் காமிராவில் சேரும் என்பதை மேலே உள்ள எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பெயரைப் பார்த்து அல்ல.

பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செல்போன் கவருக்குப் பின்னால் தேடினால் கிடைப்பார்கள். சீக்கிரம் தேடுங்கள்.